மூன்று கிலோமீட்டர் யாருடையது?

அந்த அம்மா சாட்சியமாகக் கொண்டுவந்தது ஒரு வாட்ஸ்அப் வீடியோ. 2020 செப்டம்பரில் மக்களவையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் பேசியதில் ஒரு துண்டு. கீழே யாரோ தமிழில் எழுத்து ஓடவிட்டிருந்தார்கள். எங்கள் சம்பளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள், தொகுதி மேம்பாட்டு நிதியில் கை வைக்காதீர்கள், அது மக்கள் பணம் என்பதுதான் பேச்சின் சாரம். பேரனின் போனை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, இதை ஜட்ஜ் முன்னாடி போட்டுக் காட்டுங்க. பார்லிமென்ட்லயே பேசிட்டாங்கல்ல?”

நான் பொள்ளாச்சியில் வக்கீல். மலைமேல் இருந்து வரும் கட்சிக்காரர்கள் ஆழியாறு வரைக்கும் நாற்பது கொண்டை ஊசி வளைவு இறங்கி, தலைசுற்றல் தீராமலே ஆபீசுக்குள் நுழைவார்கள். முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் கேஸ் பேசுவது வழக்கம். வால்பாறையிலிருந்து வருவதில் பாதி கிராஜுவிட்டி கேஸ், மீதி வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸ். இந்த அம்மா கொண்டுவந்தது ரோடு கேஸ்.

விஷயம் சுருக்கமாக இது. வாழ்நாள் முழுக்கக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். மகன் இன்னும் எஸ்டேட் மஸ்டரில், அதாவது வேலைப் பதிவேட்டில், இருப்பதால் அதே லைன் வீட்டில் குடியிருக்கிறார். மெயின் ரோட்டிலிருந்து அவர்களுடைய டிவிஷனுக்கு மூன்று கிலோமீட்டர் எஸ்டேட் சாலை. முன்பெல்லாம் அரசு பஸ் காலையும் மாலையும் டிவிஷன் வரை வந்துகொண்டிருந்தது. தார் பெயர்ந்து, மழைக்கு ஓரம் அரித்து, ஒரு வளைவில் பின்சக்கரம் இறங்கிய பிறகு பஸ் உள்ளே வருவதில்லை. முக்கிலேயே திருப்பிக்கொண்டு போய்விடுகிறது. ரேஷன் கடை முக்கில். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு பஸ் முக்கில். மாத்திரை மருந்துக்கு வால்பாறை டவுனுக்குப் போகவேண்டுமென்றாலும் முக்கு வரை நடந்தாக வேண்டும். ஜீப் பிடித்தால் ஒரு நாள் சம்பளத்தில் நல்ல பங்கு போய்விடும்.

கீழ்நாட்டில் மூன்று கிலோமீட்டர் நடை பெரிய விஷயமில்லை என்று நினைப்பவர்கள் ஜூலை மாதம் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. மாலை நாலு மணிக்கே இருட்டு. தேயிலைக்கு நடுவே யானை நிற்பதைச் சொல்ல அங்கங்கே சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். யானை வந்தால் போன் மூலம் விளக்கை எரியவிடுவார்கள், நல்ல ஏற்பாடு. சிறுத்தைக்கு அப்படி எந்த விளக்கும் கிடையாது. பிள்ளைகளை முன்னால் விட்டு, பெரியவர்கள் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டு போகிறார்கள்.

ரோட்டைப் போடுவது யார்? இதற்கு மூன்று பேர் மூன்று பதில் வைத்திருந்தார்கள். சொல்லப்போனால் மூன்றுமே சட்டப்படி தப்பில்லை.

எஸ்டேட் நிர்வாகம் சொன்னது: 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், ஆஸ்பத்திரி, குழந்தைகள் காப்பகம், பள்ளி, கம்பளி என்று எங்கள் தலையில் கட்டியிருக்கிறது. சாலைக்கென்று தனிப் பிரிவு எதுவும் இல்லை. பஸ், ரேஷன் வண்டி, ஓட்டுப்பெட்டி ஜீப் எல்லாம் போகும் பாதை அது. தேயிலை விற்கும் விலைக்கு அதை நாங்கள் ஏன் போட வேண்டும்?

உள்ளாட்சித் தரப்பு சொன்னது: அது எஸ்டேட் சொத்து. தனியார் நிலத்தில் பொதுப்பணத்தைப் போட்டால் தணிக்கையில் நாங்கள் மாட்டுவோம்.

மூன்றாவது, எம்.பி. நிதி. அந்த நிதிக்கான வழிகாட்டு நெறிகள் வணிக நிறுவனத்தின் உடைமையில் பணி எடுக்க இடம் தருவதில்லை. இடம் தந்தாலும் 2020இல் பணமே இல்லை. ஏப்ரல் 6ஆம் தேதி மத்திய அமைச்சரவை இரண்டு நிதியாண்டுகளுக்கு அந்த நிதியை நிறுத்தி வைத்துவிட்டது. கொரோனாச் செலவுக்காக 7,900 கோடி ரூபாய் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும் என்றார்கள்.

அம்மாவின் வீடியோ இந்த இடத்தில்தான் வருகிறது. எம்.பி.க்களின் சம்பளத்தை ஓராண்டுக்கு 30 சதவீதம் குறைக்கும் மசோதா செப்டம்பர் மழைக்காலக் கூட்டத்தொடரில் வந்தது. சம்பளக் குறைப்பை யாரும் எதிர்க்கவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் பலரும் எழுந்து கேட்டது தொகுதி நிதியைத்தான். அதில் நியாயம் இருந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர் தன் தொகுதிக்கு ஒரு பாலம் வேண்டுமென்றால் அமைச்சரின் அறைக்குப் போகலாம். எதிர்க்கட்சி உறுப்பினருக்கு எந்த அமைச்சரின் தயவும் இல்லாமல் ஒரு வேலையைப் பரிந்துரைக்க இருந்த ஒரே கணக்கு இதுதான். 1993 டிசம்பரில் தொடங்கிய திட்டம், 2011இலிருந்து ஆளுக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி. கட்சி பார்க்காத பணம். அதை நிறுத்தினால் இரு தரப்புக்கும் ஒரே மாதிரி வலிக்கும் என்று சொல்வது கணக்குக்குச் சரி, நடைமுறைக்குச் சரியில்லை.

திட்டத்துக்கு எதிரான வாதங்களும் எனக்குத் தெரியும். சட்டம் இயற்றுகிறவர் ஏன் சாக்கடை கட்ட வேண்டும் என்ற கேள்வியை இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையமே கேட்டு, திட்டத்தைக் கைவிடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2010இல் பீம் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வில் அதைச் செல்லும் என்றது. செல்லும் என்பது ஒன்று, நல்லது என்பது வேறு. ஆனால் முக்கில் பஸ் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களிடம் அதிகாரப் பிரிவினைத் தத்துவத்தைப் பேசிப் பாருங்கள்.

சரி, வீடியோவுக்கு வருவோம்.

“அதில்லீங்கம்மா. அவங்க அங்க பேசினதுக்காக அவங்க மேல யாரும் கேஸ் போட முடியாது, அது அவங்களுக்குப் பாதுகாப்பு. ஆனா அந்தப் பேச்சை வச்சு நாமளும் யார்கிட்டயும் எதையும் வாங்க முடியாது.”

“அப்ப எதுக்குப் பேசறாங்க?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பது மட்டும் தெரியும். 1950இல் ஏ.கே. கோபாலன் வழக்கு. மதராஸ் மாகாணச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவருக்காக எம்.கே. நம்பியார் வாதாடியது. ஒரு மசோதா மீது உறுப்பினர் ஒருவர் பேசுவது அவர் மனதில் இருந்ததைத்தான் காட்டும், ஓட்டுப் போட்ட பெரும்பான்மையின் மனதைக் காட்டாது என்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி அதில் எழுதினார். தோற்றவர் அடுத்த இரண்டே ஆண்டில் கண்ணூரிலிருந்து மக்களவைக்குப் போய், எதிர்வரிசையில் பெரிய குழுவுக்குத் தலைவராக உட்கார்ந்தார். அவர் பெயரைத் தாங்கிய தீர்ப்பே அவர் சபையில் பேசப்போவதற்கெல்லாம் கோர்ட்டில் மதிப்பில்லை என்று முன்கூட்டிச் சொல்லி வைத்திருந்தது.

பிறகு கொஞ்சம் இளகியது. 1981இல் கே.பி. வர்கீஸ் வழக்கில், மசோதாவைக் கொண்டுவரும் அமைச்சர் எதற்காகக் கொண்டுவருகிறேன் என்று சொல்வதைப் பார்க்கலாம் என்றார்கள். 2018இல் கல்பனா மேத்தா வழக்கில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளை எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். கவனித்துப் பாருங்கள். அமைச்சர் சொன்னது செல்லும், குழு எழுதியது செல்லும். எதிர்க்கட்சி உறுப்பினர் தொண்டை வறளப் பேசியது இன்னும் வெளியேதான் நிற்கிறது.

எதிர்க்கட்சி பெஞ்சிலிருந்து ஒரு வக்கீலுக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றுதான்: அங்கிருந்து வரும் கேள்வி அமைச்சரின் வாயிலிருந்து பிடுங்கித் தரும் பதில். அதே 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள், எழுத்துப்பூர்வ பதில்கள் மட்டும் மிஞ்சின. அந்த எழுத்துப்பூர்வ பதில்களில் ஒன்றில்தான், ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய புள்ளிவிவரம் எதுவும் வைத்திருக்கவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் ஒப்புக்கொண்டது. அந்தத் தொடரின் ஆவேசப் பேச்சுகள் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. அந்த ஒரு வரி இன்னும் எத்தனையோ மனுக்களில் புழங்கிக்கொண்டிருக்கிறது.

வழக்குக்கு ஆதாரமாக நான் பிடித்தது வேறொரு மலை. இமாச்சலப் பிரதேசத்தில் சிம்லா பக்கம், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட ஏழைகள் வாழும் ஊர்களுக்குப் போகவேண்டிய சாலை பாதியில் நின்றுபோக, அவர்கள் உயர் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். கோர்ட் அதை ரிட் மனுவாக எடுத்துக்கொண்டது. 1986இல் உமேத் ராம் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மலைவாசிக்குச் சாலை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது. தீர்ப்பில் மிகக் கவனமாக எழுதப்பட்ட பகுதி பணத்தைப் பற்றியது. எவ்வளவு ஒதுக்குவது என்பது சட்டமன்றத்தின் வேலை, அதை நாங்கள் கையில் எடுக்கவில்லை, இருக்கிற நிதிக்குள் செய்யச் சொல்கிறோம், போதாவிட்டால் அரசிடம் கேட்கச் சொல்கிறோம் என்று விலகி நின்று எழுதியிருப்பார்கள். என்னுடைய மனுவும் அந்த வழியில்தான் போயிற்று. இத்தனை லட்சம் ஒதுக்கு என்று கேட்கவில்லை. இந்தச் சாலை யார் பொறுப்பு என்று தீர்மானியுங்கள் என்று கேட்டேன்.

அப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணை வீடியோவில். பொள்ளாச்சி ஆபீசிலிருந்து கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். எஸ்டேட்டின் பதில் மனு கச்சிதமாக இருந்தது. நிலம் எங்களுடையது, பஸ் வந்துபோனது எங்கள் அனுமதியில், அனுமதி உரிமை ஆகாது. அதில் ஒரு வரியையும் என்னால் லேசில் அசைக்க முடியவில்லை. நீதிபதி கேட்டார்: தனியார் நிலத்தில் அரசு பணத்தைப் போடும்படி நான் உத்தரவிட வேண்டுமா? இதற்கு முன்பு அப்படிப் போட்டதற்கு ஏதாவது ஆவணம் உண்டா?

அதை அந்த அம்மாவிடம் போனில் கேட்டேன். இல்லை என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

“பாலத்துல கல்லு இருக்குதே தம்பி.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலை ஏறினேன். சாலையில் ஏறக்குறைய பாதித் தூரத்தில் ஓடையின் குறுக்கே ஒரு சிறுபாலம். அதன் கைப்பிடிச் சுவரில் பாசி பிடித்த கருங்கல் பலகை. எம்.பி. நிதியில் செய்த வேலைக்குப் பெயர், தொகை, தேதி எழுதிய பலகை வைக்கவேண்டும் என்பது விதி. தேர்தல் அறிவித்தால் அந்தப் பெயரை மறைக்கவேண்டும் என்பது இன்னொரு நடைமுறை. ஏதோ ஒரு தேர்தலில் உறுப்பினரின் பெயர்மேல் பூசிய வெள்ளைப் பெயின்ட்டை யாரும் பிறகு சுரண்டவில்லை. திட்டத்தின் பெயர், மதிப்பீடு, ஆண்டு மட்டும் தெரிந்தது. பேரன் சாவியால் சுரண்டிப் பார்த்தான், பெயர் வரவில்லை. எந்தக் கட்சி எம்.பி. என்று அங்கேயே ஒரு சர்ச்சை தொடங்கிவிட்டது. காங்கிரஸ் என்றார் ஒருவர், இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. தொகையும் ஆண்டும் போதும்.

அந்த இரண்டையும் வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட்டேன். முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: ஆவணம் கிடைக்கப்பெறவில்லை. மேல்முறையீட்டில் கிடைக்கப்பெற்றது, பாலத்துக்குப் பணம் ஒதுக்கிய அரசு உத்தரவு. அரசு உத்தரவுகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் உடலைப் படிக்கமாட்டார்கள், மேலே இருக்கும் ‘பார்வை’ப் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பார்கள். உத்தரவு எந்தெந்தக் காகிதங்களின் மேல் பிறந்தது என்பது அங்கே வரிசையாக இருக்கும். முதலாவது, மாண்புமிகு உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம். இரண்டாவது, பொறியாளரின் மதிப்பீடு. மூன்றாவது, எஸ்டேட் நிர்வாகத்தின் இசைவுக் கடிதம்.

அந்தக் கடிதத்தின் நகல் கையில் வந்தபோது இரண்டு முறை படித்தேன். மெயின் ரோட்டிலிருந்து சிறுபாலம் வரையிலான பாதையையும் பாலத்தையும் பொதுமக்கள் எக்காலத்துக்கும் தடையின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம், அதில் நிர்வாகம் உரிமை கோராது என்று எழுதி, கம்பெனி முத்திரையுடன் கையெழுத்து. அன்றைக்கு யாரோ ஒரு மேனேஜர், பாலம் இலவசமாக வருகிறதே என்று சந்தோஷமாகப் போட்ட கையெழுத்தாக இருக்கும். பாலம் வாங்கும்போது பொதுப்பாதை, பராமரிக்கும்போது சொந்த நிலம் என்று இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது.

கூடுதல் டைப்டு செட்டாக அதைத் தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. கடிதத்தை மறுக்கவில்லை. அது பதிவு செய்யப்பட்ட தானப் பத்திரம் இல்லை, தோட்ட நிலத்துக்கு நில உச்சவரம்பில் இருக்கிற விலக்கு மொத்தத் தோட்டத்துக்கானது, அதிலிருந்து ஒரு துண்டை இப்படிக் கடிதத்தில் பிரித்துக் கொடுக்க மேனேஜருக்கு அதிகாரமில்லை என்றார். நல்ல வாதம். ஆனால் அந்தக் கடிதத்தை நம்பித்தான் அரசுப் பணம் செலவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பஸ் ஓடியிருக்கிறது. நீதிபதி அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

வந்த உத்தரவு ரிட் வக்கீல்களுக்கு மனப்பாடமான உத்தரவுதான்: மனுதாரரின் கோரிக்கையைப் பன்னிரண்டு வாரங்களுக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடுக்க வேண்டும். இதை வாங்கிக்கொண்டு வெளியே வரும் கட்சிக்காரரின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் இந்தத் தடவை முன்னால் ஒரு பத்தி இருந்தது. இசைவுக் கடிதத்தில் கண்ட பகுதியைப் பொதுப் பயன்பாட்டுப் பாதையாகக் கருதியே பரிசீலனை நடக்கவேண்டும் என்று. அந்தப் பத்திக்காகத்தான் கட்டணமே வாங்கினேன் என்று ஜூனியரிடம் சொன்னேன்.

2021 நவம்பரில் எம்.பி. நிதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், அந்த ஆண்டின் மீதிக்கு இரண்டு கோடி என்ற கணக்கில். எங்கள் சாலைக்கு அது வரவில்லை. வேறொரு தலைப்பில் பணம் வந்து, சிறுபாலம் வரை தார் போட்டார்கள். பஸ் இப்போது பாலம் வரை வருகிறது. பாலத்துக்கு அப்பால் இருக்கும் ஒன்றரை கிலோமீட்டர் கடிதத்தில் இல்லை. அதனால் உத்தரவிலும் இல்லை. எஸ்டேட் அங்கே கிராவல் கொட்டி உருட்டிவிட்டது. ஒரு மழைக்குத் தாங்கும். அம்மாவுக்கு இதில் பாதி திருப்திதான். “பாதி ரோட்டுக்குப் பாதி பீஸ்தானே தம்பி?” என்று சிரிக்காமல் கேட்டார். கொடுத்தது முழு பீஸ்.

அவருடைய மகன் போன டிசம்பரில் வந்திருந்தார். இந்தத் தடவை குழந்தைகள் காப்பகம். பக்கத்து டிவிஷனில் அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்த இளம் தம்பதிகள்தான் இப்போது பாதிக்கு மேல். கைக்குழந்தையோடு வேலைக்கு வருகிறார்கள். காப்பகத்தை மூடப்போவதாகப் பேச்சு, அரசின் அங்கன்வாடி இருக்கிறதே என்கிறார்களாம்.

இங்கே சட்டமே மாறிவிட்டது. 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம் இனி இல்லை. ஜகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது வந்த சட்டம் அது. பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 அதை விழுங்கிக்கொண்டு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. புதிய சட்டத்தில் தோட்ட முதலாளி செய்து தரவேண்டிய வசதிகளைத் தன் சொந்தச் செலவிலோ, மத்திய மாநில அரசுகள், நகராட்சி, ஊராட்சி ஆகியவற்றின் திட்டங்கள் வழியாகவோ செய்து தரலாம் என்று ஒரு வாசகம் இருக்கிறது. படித்தவுடன் எனக்கு அந்த மூன்று கிலோமீட்டர்தான் ஞாபகம் வந்தது. ரோட்டில் நடந்த அதே கைகாட்டல் இனி வீட்டுக்கும் காப்பகத்துக்கும் நடக்கும், இந்த முறை சட்டத்தின் பலத்தோடு.

இப்படி ஒரு வாசகம் வந்தால் நான் முதலில் தேடுவது அவைக்குறிப்பு. யாராவது எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து, நகராட்சி செய்யாவிட்டால் பொறுப்பு யாருடையது என்று கேட்டிருந்தால், அமைச்சர் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பார். அவர் சொன்னதை வர்கீஸ் வழக்கைக் காட்டி நான் கோர்ட்டில் வைக்கலாம். மக்களவையில் அந்த மசோதா நிறைவேறியது 2020 செப்டம்பர் 22, மாநிலங்களவையில் 23. வேளாண் மசோதாக்களின் சண்டையில் மாநிலங்களவை உறுப்பினர்கள் எட்டுப் பேரை நீக்கிவைத்ததைக் கண்டித்து எதிர்க்கட்சிகளில் பெரும்பாலானவை சபையைப் புறக்கணித்திருந்த நாட்கள் அவை. புறக்கணிப்பதற்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அம்மா அன்று கேட்ட “எதுக்குப் பேசறாங்க” என்பதற்கான பதில் எனக்கு அந்த வெற்று பெஞ்சுகளில்தான் கிடைத்தது.

மகன் தொகுதி எம்.பி.யிடம் கொடுக்க ஒரு கோரிக்கை மனு எழுதிவந்திருந்தார். நான்கு பக்கம், வணக்கத்துக்குரிய என்று ஆரம்பித்து வாழ்க என்று முடிந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு வேறொரு காகிதம் எடுத்தேன். நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வ பதில் கேட்கும் வடிவத்தில், பத்து வரிக்குள், தொழிலாளர் அமைச்சருக்கு. முதல் உட்பிரிவு இப்படி: தோட்டத் தொழிலாளர் குழந்தைகளுக்கான காப்பகத்தை நகராட்சித் திட்டத்தின் வழியாகச் செய்து தருவதாக முதலாளி அறிவித்து, அந்நகராட்சி அதைச் செய்து தராத நேர்வில், அவ்வசதியைச் செய்து தரவேண்டிய சட்டப்பொறுப்பு முதலாளியிடமே நீடிக்கிறதா; ஆம் எனில், எந்தப் பிரிவின் கீழ்?